துண்டு எறிய ஒரு பொத்தான்

நள்ளிரவு தாண்டியிருந்தது. எழுத்தால் மட்டுமே ஓடும் ஒரு குத்துச்சண்டைக் கணினி விளையாட்டு; திரையில் படம் எதுவும் கிடையாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் மட்டும். விசையை ஒரு முறை தட்டினால் ஒரு வரி வரும். 'டெய்லரின் ஜாப், முகத்தில் படுகிறது.' ஜாப் என்றால் முன்கையால் போடும் வேகமான நேர்க்குத்து. தட்டினேன். 'சாவேஸ் விலாவில் குத்துகிறார்.' தட்டினேன். 'டெய்லர் விலகிச் செல்கிறார்.' பதினோராம் சுற்று முடிந்து மணி அடித்தது. அதுவும் ஒரு வரிதான்: 'மணி.' பன்னிரண்டாம் சுற்றும் அப்படியே போய்ச் சேர்ந்தது. மூன்று தீர்ப்பாளர்களும் ஒருமனதாக டெய்லர்தான் என்றார்கள்.

இந்தச் சண்டையை இந்த விளையாட்டில் எத்தனை முறை ஓட்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பெரும்பாலும் டெய்லர்தான் வெல்கிறார். எப்போதாவது சாவேஸ் வென்றால், நாலாவது சுற்றிலோ ஐந்தாவது சுற்றிலோ ஓர் அதிரடிக் குத்து விழுந்து எல்லாம் முடிந்துவிடுகிறது. உண்மையில் நடந்தது மட்டும் ஒருமுறைகூட நடக்கவில்லை.

உண்மையில் நடந்தது இது. 1990 மார்ச் 17, லாஸ் வேகாஸ். அதுவரை இருவருமே தோற்றதில்லை. மெல்ட்ரிக் டெய்லருக்கு மின்னல் கைகள். ஹூலியோ சீசர் சாவேஸுக்கு அவசரமே தெரியாத கனத்த கைகள். டெய்லர் நாலு குத்து இறக்கும் நேரத்தில் சாவேஸ் ஒன்று இறக்குவார். அந்த ஒன்று எலும்பு வரை போகும். பதினொரு சுற்று முடிந்தபோது தீர்ப்பாளர்கள் மூவரில் இருவரது புள்ளித் தாளில் டெய்லர் எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் இருந்தார். கடைசிச் சுற்றில் விழாமல் நின்றிருந்தாலே போதும். ஆனால் முகம் உருத்தெரியாமல் வீங்கியிருந்தது, வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிக்கொண்டிருந்தார். தீர்ப்புத் தாளில் என்ன இருக்கிறது என்பது மேடையின் மூலையில் நின்று அவரைக் கவனித்துக்கொள்ளும் மூலைக்காரர்களுக்குத் தெரியாது. இந்தச் சுற்றையும் வென்றாக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். போனார். சாவேஸின் வலதுகை இறங்கியது. விழுந்தார், எழுந்தார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் எட்டு வரை எண்ணிவிட்டு, முடியுமா என்று கேட்டார். டெய்லரின் பார்வை, மேடை விளிம்பில் ஏறி நின்ற பயிற்சியாளர் லூ டூவாவின் பக்கம் போயிருந்தது. பதில் வரவில்லை. ஸ்டீல் கையை வீசிச் சண்டையை நிறுத்தினார். மீதமிருந்தது இரண்டு விநாடி.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ரசிகர்கள் இதற்காக அடித்துக்கொள்கிறார்கள். நான் ஸ்டீல் கட்சி. நடுவரின் வேலை கடிகாரத்தைப் பார்ப்பதல்ல, எதிரில் நிற்பவனின் கண்ணைப் பார்ப்பது. ஆனால் இங்கே என் வழக்கு அதுவல்ல. குத்துச்சண்டையில் எது தனிச்சிறப்போ அது முழுவதும் அந்த ஒரு சண்டையில் இருக்கிறது. வென்றுகொண்டிருப்பவனே அழிந்துகொண்டும் இருக்கலாம். கால்பந்தில் மூன்று கோல் முன்னிலையில் இருக்கும் அணிக்கு அந்த மூன்று கோல்களால் கால் ஒடியாது. இங்கே ஒடியும். இதைத் தானாகவே நிகழ்த்திக் காட்டும் ஒரு கணினி விளையாட்டைத்தான் நான் இத்தனை வருடங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் விளையாட்டில் அது ஏன் வருவதில்லை என்று ஒருநாள் உட்கார்ந்து யோசித்தேன். உள்ளே நடப்பது சிக்கலான சமாசாரம் ஒன்றுமில்லை. யார் முந்துகிறார் என்று நிரல் ஒரு பகடை உருட்டுகிறது. என்ன குத்து என்று இன்னொன்று. பட்டதா இல்லையா என்று மற்றொன்று. பட்டால் வாங்கியவரின் தாக்குப்பிடிக்கும் எண்ணில் கொஞ்சம் கழிகிறது. அந்த எண் குறையக் குறைய அவருடைய வேகமும் குறியும் குறைகின்றன. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. கோளாறும் அங்கேதான். அடி வாங்கியவன் உடனே சோர்கிறான், சோர்ந்தவன் உடனே புள்ளிகளை இழக்கிறான். ஆகவே இந்த விளையாட்டில் அடிபட்டவன் எப்போதும் பின்தங்கியே இருப்பான். உடைந்துகொண்டே முன்னிலை வகிக்கும் டெய்லருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

புள்ளிக்கு ஒரு பேரேடு, உடம்புக்கு ஒரு பேரேடு என்று இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கட்டும், ஆனால் தாமதமாக, ஒழுங்கில்லாமல். விலாவில் மூன்றாம் சுற்றில் வாங்கிய அடிக்கு ஒன்பதாம் சுற்றில் வட்டி கட்டட்டும். முதல் சுற்றுகளில் ஒன்றும் தெரியாமல் போகட்டும். விளையாடுபவனுக்கு அந்த இரண்டாவது பேரேட்டை ஒருபோதும் எண்ணாகக் காட்டக் கூடாது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு பட்டையை வைத்து உயிரை அளந்து காட்டும் பழக்கத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். நிஜ மூலையில் இருப்பவனிடம் அந்தப் பட்டை இருந்திருந்தால் எத்தனையோ பேர் இன்னும் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஆசைக்கு வயது அதிகம். 1967-இல் அமெரிக்காவில் மர்ரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர், அதிக எடைப் பிரிவான ஹெவிவெயிட்டின் எல்லாக் காலத்து வீரர்களிலும் பதினாறு பேரைப் பொறுக்கி, அவர்களைப் பற்றிய விவரங்களை என்சிஆர் 315 என்ற கணினிக்குள் போட்டு ஒரு போட்டித் தொடர் நடத்தினார். கணினி கொடுத்த முடிவுகளை நேர்முக வர்ணனைபோல வானொலியில் வாசித்தார்கள். இறந்தவர்களும் ஓய்வு பெற்றவர்களும் கணினியின் வயிற்றுக்குள் எழுந்து நின்று மோதிக்கொண்டார்கள். இறுதியில் ஜாக் டெம்ப்ஸியை வீழ்த்தி ராக்கி மார்சியானோ வாகை சூடினார். முகமது அலி, ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றுப்போனதாகக் கணினி சொல்லிவிட்டது. அலிக்கு வந்த கோபத்தில் பத்து லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்கே போட்டார்.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதன் விளைவாக 1969-இல் அலியும் மார்சியானோவும் ஒரு மேடையில் கேமரா முன்னால் நின்று, பாதி நடிப்பும் பாதி நிஜமுமாகச் சுற்றுச் சுற்றாகக் குத்திக்கொண்டார்கள். மார்சியானோ ஓய்வு பெற்று பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. உடம்பை இளைத்து, தலையில் பொய்முடி வைத்துக்கொண்டு வந்தார். கணினி சொல்லும் முடிவு எதுவானாலும் பொருந்தும்படி பல முடிவுகளைப் படம் பிடித்து வைத்தார்கள். ஆகஸ்ட் 31 அன்று மார்சியானோ விமான விபத்தில் இறந்தார். 1970 ஜனவரி 20-இல் படம் திரையரங்குகளில் ஓடியபோது, பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோ அலியை வீழ்த்தினார். அந்தக் கணினி நிறவெறிக்குப் பேர்போன அலபாமா மாநிலத்தில் செய்ததாக இருக்கும் என்று அலி கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். கணினியின் தீர்ப்பைக் கேட்டு முதலில் ஆத்திரப்பட்ட ரசிகர் அலிதான் என்று எனக்குத் தோன்றும். நாங்கள் எல்லாம் அவருக்குப் பின்னால் வந்தவர்கள்.

அதற்கு அடுத்து அட்டைகள் வந்தன. ஜிம், டாம் ட்ரன்சோ சகோதரர்கள் உருவாக்கிய 'டைட்டில் பவுட்' என்ற மேசை விளையாட்டு 1970-களின் இறுதியில் வெளியானது. ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை, அட்டை நிறைய எண்கள். அதன் கணினி வாரிசுதான் 'டைட்டில் பவுட் சாம்பியன்ஷிப் பாக்ஸிங்'. இன்னொரு பக்கம் படம் காட்டும் விளையாட்டுகள். 'ஃபைட் நைட்' வரிசை 2004-இல் தொடங்கியபோது பொத்தானைத் தட்டிக் குத்துவதை விட்டுவிட்டு, கைக்கருவியில் உள்ள குச்சியைக் கட்டைவிரலால் வளைத்துக் குத்தச் செய்தார்கள்; ஹூக் என்ற வளைகுத்தைப் போட வேண்டுமென்றால் விரலும் வளைந்து போக வேண்டும். அந்த ஒரு யோசனைக்காக அவர்களுக்கு என் வணக்கம். 2011-இல் 'ஃபைட் நைட் சாம்பியன்' வந்ததோடு அந்த வரிசை நின்றுபோனது. பெரிய அளவில் அடுத்த குத்துச்சண்டை விளையாட்டு 'அன்டிஸ்பியூட்டட்'. 2023 ஜனவரியில் அரைகுறையாக வெளிவந்து 2024 அக்டோபரில் முழுதானது. நடுவில் பன்னிரண்டு வருடப் பாலைவனம்.

ஏன் இத்தனை இடைவெளி என்றால், கால்பந்துபோல இங்கே ஒரு லீக்கிடம் போய்க் கையெழுத்து வாங்கிவிட்டு மொத்தப் பேரையும் அள்ளிக்கொண்டு வர முடியாது. ஒவ்வொரு வீரரிடமும், இறந்தவரானால் வாரிசுகளிடமும், தனித்தனியாகப் பேச வேண்டும். வியாபாரம் பேசுகிறவர்கள் பேசட்டும். எனக்கு அதில் ருசி இல்லை.

எனக்கு ருசி அந்த ஒரு நிமிடத்தில். இரண்டு சுற்றுகளுக்கு நடுவே வரும் அறுபது விநாடி.

குத்துச்சண்டை தெரியாதவர்கள் அதை இடைவேளை என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான விளையாட்டுகளும் அப்படித்தான் நினைக்கின்றன: முக்காலி, தண்ணீர், பொத்தானை வேகமாகத் தட்டினால் வீக்கம் இத்தனை சதவீதம் குறையும், அடுத்த சுற்று. எழுத்து விளையாட்டில் இன்னும் மோசம். 'ஆக்ரோஷம்', 'நிதானம்', 'தற்காப்பு' என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், வீரனும் கீழ்ப்படிவான். தலையில் நூறு குத்து வாங்கிய மனிதன் சொன்னதைக் கேட்பான் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

அந்த ஒரு நிமிடத்தை முழு ஆட்டமாக விளையாட வேண்டும் என்பது என் ஆசை. அறுபது விநாடி ஓடுகிறது. முக்காலியில் அவன் உட்காரவே பத்து விநாடி போய்விட்டது. உங்களிடம் மூன்று வேலைகள் இருக்கின்றன: மூச்சு வாங்க விடுவது, காயத்தைக் கவனிப்பது, பேசுவது. மூன்றையும் செய்ய நேரம் கிடையாது. புருவத்தில் கிழிசல் இருந்தால் அதை அழுத்திப் பிடித்திருக்கும் கை அவன் பார்வையை மறைக்கும். நீங்கள் பேசுவது பாதிதான் காதில் ஏறும். நாலு அறிவுரை சொன்னால் நாலும் போய்விடும். ஒன்று சொன்னால் ஒருவேளை நிற்கும். எதிராளியின் இடதுகை தாழ்கிறது என்று அவனிடம் சொல்கிறீர்கள், அவன் தலையாட்டுகிறான். அந்தத் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்று விளையாட்டு உங்களுக்குச் சொல்லக் கூடாது. 'இது எத்தனையாவது சுற்று?' என்று அவன் கேட்டால் அதை ஒரு வரியாக எழுதிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டியது நாம்தான்.

மூலையில் யார் நிற்கிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். 1990 பிப்ரவரி 11-இல் டோக்கியோவில் மைக் டைசன், பஸ்டர் டக்ளஸிடம் பத்தாம் சுற்றில் விழுந்தார். டக்ளஸ் வெல்ல நாற்பத்திரண்டுக்கு ஒன்றுதான் வாய்ப்பு என்று பந்தயச் சந்தையில் கணித்திருந்த சண்டை. டைசனின் கண் வீங்கி மூடத் தொடங்கியபோது, வீக்கத்தை அமுக்கும் குளிர்ந்த இரும்புத் துண்டுகூட அவருடைய மூலையில் இல்லை. ரப்பர் கையுறை ஒன்றில் பனிநீரை ஊற்றிக் கட்டிக் கண்ணில் வைத்தார்கள். உலகப் பட்டம் வைத்திருந்தவரின் மூலையில்! டக்ளஸோ தன் தாயைப் பறிகொடுத்து ஒரு மாதம்கூட ஆகாமல் மேடை ஏறியவர்.

இந்தச் சண்டையையும் ஒரு மாலை முழுக்க நூறு முறை ஓட்டிப் பார்த்தேன். டக்ளஸ் வென்றது கைவிரல்களில் எண்ணும் அளவுக்குத்தான். அது எனக்குக் குறையாகப் படவில்லை. அரிதானது அரிதாகத்தான் நடக்க வேண்டும். ஆனால் வென்றபோதெல்லாம் ஒரே ஒரு அதிர்ஷ்டக் குத்தால் வென்றார். நிஜ டக்ளஸிடம் அதிர்ஷ்டமே கிடையாது. முதல் சுற்றிலிருந்து ஜாப் போட்டுப் போட்டு டைசனைப் பிரித்து எடுத்தார். எட்டாம் சுற்றில் விழுந்தும் எழுந்தார். பகடையில் ஆறு விழுந்ததால் வந்த வெற்றிக்கும், ஒருவன் பயிற்சியில் அசட்டையாக இருந்ததாலும் இன்னொருவன் இழப்போடு வந்ததாலும் பிறந்த வெற்றிக்கும் வித்தியாசம் தெரிகிற விளையாட்டு வேண்டும். அதற்குச் சண்டைக்கு முந்தைய எட்டு வாரங்களும் விளையாட்டுக்குள் வர வேண்டும்: எழுந்த நேரம், ஓடிய தூரம், பயிற்சிக்காக மோதிய ஆள், குறைத்த எடை. எட்டு வாரங்களையும் நாம் ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டிருக்க வேண்டாம். பின்னணியில் நடக்கட்டும், செய்தியாகக் காதுக்கு வரட்டும், அந்தச் செய்தி பொய்யாகவும் இருக்கட்டும்.

தீர்ப்பாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேடையின் மூன்று பக்கங்களில் ஆளுக்கொரு நாற்காலியில் உட்காருகிறார்கள். சுற்றை வென்றவருக்குப் பத்து, மற்றவருக்கு ஒன்பது. ஒருமுறை விழுந்தால் வழக்கமாக எட்டு. இப்போதுள்ள விளையாட்டுகளில் கணினிக்கு உண்மை தெரியும், பிறகு அந்த உண்மையைக் கொஞ்சம் குலுக்கி மூன்று தாள்களில் எழுதும். நிஜத்தில் அப்படி ஓர் உண்மையே கிடையாது. நடுவரின் முதுகு ஒருவருக்கு மறைக்கிறது. கயிற்றோரம் நடந்த விலாக்குத்து ஒருவருக்கு மட்டும் தெரிகிறது. கூட்டம் கத்தினால் காற்றில் போன குத்தும் பட்டதுபோல் ஒலிக்கிறது. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் ராய் ஜோன்ஸ் 86 குத்துகள் இறக்க, எதிராளி பார்க் சி-ஹுன் 32 இறக்க, தங்கம் பார்க்குக்குப் போனது. அதுபோன்ற அநியாயம் என் கணினியிலும் நடக்க வேண்டும் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். நடக்க வேண்டும். மூன்று தீர்ப்பாளர்களுக்கும் தனித்தனிக் கண், தனித்தனிப் பிடிப்பு. தோற்றபிறகு அவர்களுடைய நாற்காலியிலிருந்து அந்தச் சுற்றை மறுபடி பார்க்க ஒரு வசதி கொடுத்தால், திட்டிக்கொண்டே இரண்டு மணி நேரம் அதிலேயே கழிப்பேன்.

வெப்பத்தையும் மறந்துவிடாதீர்கள். 1952 ஜூன் 25, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். மிடில்வெயிட் வீரரான சுகர் ரே ராபின்சன், தம்மைவிடக் கனத்த ஜோயி மாக்ஸிமின் லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்குப் போட்டியிட்டார். வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. முதலில் நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் தாங்க முடியாமல் பத்தாம் சுற்றோடு வெளியேறினார். மாற்று நடுவர் ஏறினார். மூன்று தாள்களிலும் முன்னிலையில் இருந்த ராபின்சனால் பதினாலாம் சுற்றுக்கு எழ முடியவில்லை. அவரை வீழ்த்தியது மாக்ஸிமைவிட அதிகமாக அந்த இரவின் வெப்பம்தான். நடுவரே களைத்துப்போகும் சிமுலேஷனை யாராவது எழுதினால் பணம் கொடுத்து வாங்க நான் முதல் ஆளாக நிற்பேன்.

பெண்கள் குத்துச்சண்டையைச் சேர்க்கும்போது செய்யும் சோம்பேறித்தனமும் கண்ணை உறுத்துகிறது. அங்கே பட்டப் போட்டிகள் பெரும்பாலும் இரண்டு நிமிடச் சுற்றுகள் பத்து. ஆண்களின் மூன்று நிமிடச் சுற்றில் ஒரு நிமிடம் குறைந்தால் ஆட்டத்தின் மூச்சே மாறுகிறது: நிதானித்துப் பார்க்க நேரமில்லை, மணி அடித்ததுமே பாய வேண்டும். 2022 ஏப்ரலில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கேட்டி டெய்லரும் அமாண்டா செரானோவும் மோதிய சண்டையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆண்களின் எண்களை அப்படியே நகல் எடுத்து உருவத்தை மட்டும் மாற்றினால் அந்தச் சண்டை பிறக்காது.

வர்ணனை வரிகளைச் செயற்கை நுண்ணறிவு எழுதப்போகிறது என்று எல்லாரும் குதிக்கிறார்கள். என் விளையாட்டில் இருப்பது சில டஜன் வாக்கியங்கள்; எல்லாம் எனக்கு மனப்பாடம். மாறினால் சந்தோஷம்தான். ஆனால் ஒரு பயம் இருக்கிறது. 'டெய்லரின் ஜாப், முகத்தில் படுகிறது' என்ற மொட்டை வரியை வைத்துக்கொண்டு மீதியை நானே மனதில் பார்த்துப் பழகிவிட்டேன். இடிமுழக்கம், புயல், சிங்கம் என்று இயந்திரம் உவமை அடுக்கத் தொடங்கினால் அந்த இடம் பறிபோய்விடும். இயந்திரத்துக்கு வேறு வேலை கொடுக்கலாம். சண்டையைக் கவனித்து, ஆறு சுற்றுக்கு முன் நடந்ததை இப்போது நடப்பதோடு முடிச்சுப் போடட்டும். 'மூன்றாம் சுற்றிலிருந்து அவர் வலது முழங்கையை விலாவோடு ஒட்டியே வைத்திருக்கிறார்' என்று ஒரு வரி வந்தால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

எல்லாவற்றையும்விட நான் ஏங்குவது ஒரு கடிதத்துக்காக.

1977 செப்டம்பர் 29-இல் அலி, எர்னி ஷேவர்ஸோடு பதினைந்து சுற்று போட்டு வென்றார். ஷேவர்ஸின் குத்து எப்படிப்பட்டது என்று அவரிடம் வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். அந்தச் சண்டைக்குப் பின் அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகம் பழுதாவதைக் காட்டிய பரிசோதனை அறிக்கையை அலிக்கும், அவர் மனைவிக்கும், மேலாளருக்கும் அனுப்பிவைத்தார். ஒருவரும் பதில் எழுதவில்லை. பச்சேகோ விலகிக்கொண்டார். அலி தொடர்ந்து ஆடினார். கடைசிச் சண்டை 1981 டிசம்பரில். 1984-இல் பார்க்கின்சன் நோய் என்று தெரியவந்தது.

மேலாளராக விளையாடும் கேம்களில் நம் பெட்டிக்கு நாள்தோறும் கடிதங்கள் வரும்: ஒப்பந்தம், போட்டி அழைப்பு, தரவரிசை. அவற்றுக்கு நடுவே ஒருநாள் மருத்துவரிடமிருந்து ஒன்று வர வேண்டும். சிவப்பு எழுத்தில் மினுக்க வேண்டாம். மற்றக் கடிதங்களைப் போலவே சாதாரணமாக, நாலு வரி. அதைப் படிக்காமலேயே அடுத்த சண்டைக்குக் கையெழுத்துப் போடலாம், விளையாட்டு தடுக்காது. வெல்லவும் வெல்லலாம். ஆறு சண்டை கழித்துப் பேட்டியில் அவன் பேச்சில் ஓர் இழுவை வரட்டும். அதற்கும் விளக்கம் வேண்டாம். இப்போதெல்லாம் என்ன நடக்கிறது? முப்பத்தைந்து வயதானதும் எண்கள் படிப்படியாக இறங்குகின்றன, ஒருநாள் 'ஓய்வு பெற்றார்' என்று ஒரு வரி. அந்தப் படிக்கட்டும் பொய். சிலர் ஓர் இரவில் கிழவராகிறார்கள். ஜார்ஜ் ஃபோர்மனோ 1974-இல் கின்ஷாசாவில் அலியிடம் இழந்த பட்டத்தை 1994-இல், நாற்பத்தைந்து வயதில், மைக்கேல் மூரரைப் பத்தாம் சுற்றில் வீழ்த்தி மீட்டார். இரண்டுக்கும் இடம் தருகிற வயோதிகம் வேண்டும்.

என்னிடம் ஓர் இடதுகைக்காரன் இருக்கிறான். விளையாட்டு தானாக உற்பத்தி செய்த ஆள். அவனுக்கு நிஜ உலகில் ஒரு முகமும் கிடையாது. பதினெட்டு வயதில் என்னிடம் வந்தான். விளையாட்டுக் காலண்டரில் பதினான்கு வருடம் அவனைச் சுமந்திருக்கிறேன். ஒரு பட்டம் வாங்கினான், இழந்தான். போன மாதம் ஓர் இளைஞனோடு பன்னிரண்டு சுற்றுக்கு ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டது தப்பு என்று ஐந்தாம் சுற்றிலேயே தெரிந்தது. எட்டில் ஒருமுறை விழுந்தான், ஒன்பதில் ஒருமுறை. இரண்டு முறையும் எழுந்தான். விளையாட்டின் நடுவர் எண்களை மட்டும் பார்க்கிறவர். எண்கள் இன்னும் வரம்புக்குள் இருந்தன.

1975-இல் மணிலாவில் பதினாலாம் சுற்று முடிந்ததும், இரு கண்களும் மூடிக்கொண்டிருந்த ஜோ ஃப்ரேஸியரை அவருடைய பயிற்சியாளர் எடி ஃபுட்ச் எழ விடவில்லை. ஃப்ரேஸியர் மன்றாடியும் விடவில்லை. மீதமிருந்தது ஒரே ஒரு சுற்று. எனக்கு அது நினைவுக்கு வந்து, பட்டியல் முழுக்கத் தேடினேன். 'ஆக்ரோஷம்', 'நிதானம்', 'தற்காப்பு'. சண்டை போதும், நிறுத்துங்கள் என்று மூலையிலிருந்து மேடைக்குள் துண்டு எறிய ஒரு பொத்தான் எங்கும் இல்லை. பத்தாம் சுற்றில் மறுபடி விழுந்து, ஏழு என்னும்போது எழுந்து, மணி அவனைக் காப்பாற்றியது.

கணினியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டேன்.

மறுநாள் திறந்தபோது விளையாட்டு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சேமித்து வைத்திருந்தது. சுற்று 10 முடிவு. அவன் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கீழே ஒரு வரி, 'தொடர ஏதேனும் ஒரு விசையை அழுத்தவும்.' மூன்று வாரமாகிறது. அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பேன், பிறகு மூடிவிட்டு வேறு சண்டை ஏதாவது ஓட்டப் போய்விடுவேன்.